மணிக்கூட்டுக்கு விட்ட இடம்

பதினொரு தாள் கொண்டுவந்தான் எத்தியேன்,
உப்புவெளியில் வாங்கிய விடுதியின் சாப்பாட்டறைக்கு.
பூட்டனின் பூட்டன்
பாரிசில் கதிரை செய்தவனாம்.
எல்லாம் பிரதிதான், பயப்படாமல் தொடு என்றான்.
என் பயம் வேறு:
இந்தக் கடற்காற்றில்
எந்தத் தெய்வத்துக்கும் ஆறு மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

மேசையைத் துடைத்து விரித்தேன்.
நுரைக்கு மேலே ஒரு கடலரசன்.
நாலு குதிரை, நாலுக்கும் மீன்வால்.
கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்த இர்ஃபான்
வைரமுனையைக் கீழே வைத்தான்.
"அக்கா, இவர் இடக்கையனோ?"

சூலம் இடக்கையில்.
அடுத்த தாளில் வாள், அதுவும் இடக்கையில்.
வில் இழுப்பவள், யாழ் மீட்டுபவன்,
ஒரு சபை முழுக்க இடக்கையர்.

நெய்கிறவன் பின்பக்கம் இருந்து நெய்வான்,
கம்பளத்தைத் திருப்பினால் கை மாறிவிடும் என்று
தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினான் எத்தியேன்.
மாறும், மாறும் என்றேன்.
அந்தா தெரிகிற கோட்டையும் அப்படித்தான்,
உங்கட ஆக்கள் கையிலும் கொஞ்சநாள் இருந்தது.
அவனுக்குத் தெரியாது.
போனில் தேடிப் பார்த்தான்.

எருது ஒரு பெண்ணைச் சுமந்து கடல் தாண்டுகிறது.
அது கதிரை முதுகுக்கு.
அவள் வாய் திறந்த இடத்தில்
ஏதோ ஒரு பிரபுவின் வியர்த்த முதுகு சாய்ந்திருக்கும்.
ஆற்றுத் தேவதை அலுமாரிக் கதவுக்கு.
தொப்புள் இருக்கவேண்டிய இடத்தில்
சின்னதாய் ஒரு நீள்வட்டம்: திறப்பு ஓட்டை.
ஒரு சிறகு பாதியில் மடிந்திருக்கிறது,
பலகை அங்கே முடிவதால்.
தச்சனிடம் அளவு கேட்டுக்கொண்டுதான்
அத்தனை கதையும் நடந்திருக்கிறது.

எங்கள் இராவணனை யாரும் கேட்கவில்லை.
மலை தூக்கிப் பழகியவன், மேசைக்காலுக்கு நல்ல ஆள்.
இருபது கை.
கம்பளம் திரும்பினால் என்ன,
திரும்பாவிட்டால் என்ன.

ஒன்பதாவது தாளில்
இரண்டு கிழட்டுத் தேவர்கள்
தொடை நரம்பு புடைக்க, கழுத்துக் கோண,
தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருப்பது
ஒரு வெள்ளை வட்டம்.
வேறொன்றுமில்லை.
மணிக்கூட்டுக்கு விட்ட இடம் என்றான்.
மணிக்கூடு செய்கிறவன் வேறு ஆளாம்.
அவன் வரவேயில்லைப் போல.

அந்தப் பாரம் எனக்குப் பழக்கம்.
போன மாதம் பாலையூற்றிலிருந்து ஒருத்தி
மூன்று பிள்ளைகளின் படத்தோடு வந்து
அட்டையில் நாலு சன்னல் வெட்டச் சொன்னாள்.
நாலாவதற்குப் படம்?
"கிடைச்சால் வைப்பம்."
நாலுக்குமான காசை எண்ணி வைத்தாள்.
ஒன்றுக்குக் கழித்துக் கொடுத்தேன், வாங்கவில்லை.

ஓரங்களை மறைத்துவிடு என்று சொல்லிப் போனான் எத்தியேன்.
அளவுக் குறிப்பு, மை சிந்திய கறை,
எவனோ ஒருவனின் பெருவிரல் ரேகை,
அதெல்லாம் வேண்டாம், தெய்வங்கள் போதும்.
பத்துத் தாளுக்கு அப்படியே செய்தேன்.
ஒன்பதாவதற்கு மட்டும்
விரலும் கறையும் உள்ளே வரும்படி
அகலமாக வெட்டினேன்.
கூடுதல் கண்ணாடி என் கணக்கில்.

இர்ஃபான் கடலரசனைப் படமெடுத்து
திரையில் ஒரு தட்டுத் தட்டினான்.
தறியுமில்லை, நூலுமில்லை,
சூலம் வலக்கைக்குப் போனது.
"இப்ப சரிதானே?"
எனக்கென்னவோ அவர் இப்போதுதான்
பிழையாகத் தெரிந்தார்.

மின்சாரம் நின்றது.
விசிறி தளர்ந்து தளர்ந்து ஓய்ந்தது.
வெளியே மீன்காரனின் ஹோர்ன்.
"அக்கா, நேரம் என்ன? பசிக்குது."
நிமிர்ந்தேன்,
சுவரில் சாத்திவைத்த ஒன்பதாவதைப் பார்த்தேன்,
பிறகுதான் போனை எடுத்தேன்.